கேரம் போர்டில் மதுரை

எங்கள் ஊர் திருவண்ணாமலை. உடனே "பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போவீங்களா ஸார்?" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. இது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலை. சின்னக் குன்று, மேலே ஸ்ரீனிவாசப் பெருமாள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கே சிவன், இங்கே பெருமாள். அங்கே கார்த்திகை தீபம், இங்கே புரட்டாசி சனிக்கிழமை. என் கல்யாணத்துக்குக் கிளம்பிய நண்பன் ஒருவன் விடியற்காலையில் போன் பண்ணி, "கோபுரம் தெரியுது, பெரிய மலை தெரியுது, உன் மண்டபம் மட்டும் தெரியலையேடா" என்றான். அவன் நின்ற இடத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே பாதித் தமிழ்நாடு இருந்தது. மொய் மட்டும் பிற்பாடு மணியார்டரில் வந்தது.

போன புரட்டாசியில் இந்த ஊரில் நான் ஒரு யுத்தத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தேன். கேரம் போர்டு மேல் நடந்த யுத்தம். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

எங்கள் பூர்வீக வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி ரொம்ப வருஷம் ஆகிறது. வடக்கே பெரியப்பா, தெற்கே அப்பா. வாசல் திண்ணை மட்டும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'பொது'. அதாவது இரண்டு பேரும் உட்காரலாம், ஒரே நேரத்தில் உட்காரமாட்டார்கள். 2013-ல் தோப்புக் கிணற்றை வெடி வைத்து ஆழப்படுத்தினார்கள். அந்தச் செலவுக் கணக்கில் ஆரம்பித்தது. அப்பா ஒரு நோட்டு, பெரியப்பா ஒரு நோட்டு. 'நான் கொடுத்தது ஜாஸ்தி' என்பது இரண்டு நோட்டுக்கும் பொதுவான முன்னுரை. அதற்கப்புறம் அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. கிணற்றில் முறைத் தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் மாறிக்கொண்டிருக்கிறது. மோட்டார் ஸ்விட்ச் போட ஒருவர் போனால், மற்றவர் மாமரத்துக்குப் பின்னால் நின்று அணில் பார்ப்பார். எங்கள் பக்கம் மலை அணில் பிரசித்தம்தான். ஆனால் இத்தனை வருஷம் பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

பெரியவர்கள் சண்டை சின்னவர்களுக்குக் கிடையாது. பெரியப்பா பேரன் ஒன்பதாம் வகுப்பு. என் பையன் ஆறாவது. நான் ஊருக்குப் போனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இந்தத் தடவை பெரியவன் கையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். "சித்தப்பா, நீங்க பி.காம்.தானே? கணக்கு வருமில்ல? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

'ஃபயர் அண்ட் ஃப்யூரி' என்று தலைப்பு. 1990-ல் அமெரிக்காவில் வெளியானது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன உள்நாட்டுப் போரை, மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்கான விதிகள். பத்து முகப் பகடை, அங்குல ஸ்கேல், அட்டவணைக்கு மேல் அட்டவணை. பெரியவனின் சிநேகிதனுக்கு வெளிநாட்டு மாமா ஒருவர் இருக்கிறார். அவர் மூலம் வந்த சீதனம்.

வெளிநாட்டில் இது சீரியஸான பொழுதுபோக்கு. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812-ல் ராஜாவுக்கே இழுப்பறை வைத்த ஒரு யுத்த மேஜை செய்து கொடுத்தார். அவர் பிள்ளை 1824-ல் அதை முறையான விதிப் புத்தகமாக்கினார். 'க்ரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர். (பல் செட் வைத்தவர்கள் உச்சரிக்க வேண்டாம்.) அதைப் பார்த்த ராணுவத் தலைமை அதிகாரி, 'இது விளையாட்டே இல்லை, யுத்தப் பயிற்சி' என்று மெச்சிக்கொண்டாராம். இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ், கால இயந்திரம் எழுதினாரே, அவரேதான், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டார். பெரிய மனுஷர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்ப்ரிங் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவார்.

"சரி, உனக்கு இதுல என்ன சந்தேகம்?"

"இதுக்கு நூத்துக்கணக்குல சிப்பாய் வேணும் சித்தப்பா. வெளிநாட்லேர்ந்து வரணும். ஒண்ணொண்ணும் என்ன விலை தெரியுமா?"

சொன்னான். எனக்குத் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது.

"அதுவும் போக, தம்பிக்கு இந்த வடக்கு தெற்கு ஒண்ணும் புரியலை."

என் பையன் கம்பீரமாகத் தலையாட்டினான், புரியவில்லை என்பதற்கு.

அப்போதுதான் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்: "ஏண்டா, சண்டைக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? நம்ம பக்கம் பங்காளிச் சண்டைக்குப் பஞ்சமா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் அப்பா. இரண்டு பேருக்கும் காது மட்டும் இன்னும் இருபது வயசு.

நான் சொல்ல வந்தது பாண்டியர் பங்காளிச் சண்டை. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1160-களின் கடைசியில் மதுரையில் பராக்கிரம பாண்டியன் என்று ஒரு ராஜா. அவனுக்குத் தாயாதி குலசேகர பாண்டியன், மதுரை எனக்குத்தான் என்று வந்து கோட்டையைச் சுற்றி வளைத்துக்கொண்டான். உள்ளே மாட்டியவன் இலங்கை ராஜா பராக்கிரமபாகுவுக்கு ஓலை அனுப்பினான். அங்கிருந்து லங்காபுரன் என்ற தளபதி கப்பல் ஏறி வருவதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனை மனைவி, மக்களோடு கொன்றுவிட்டார்கள். தப்பியது வீரபாண்டியன் என்ற ஒரு பிள்ளை. லங்காபுரன் திரும்பிப் போகவில்லை. ராமேஸ்வரத்தில் இறங்கி, குந்துகாலில் கோட்டை கட்டி, ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்து வீரபாண்டியனைப் பட்டத்தில் உட்கார வைத்தான். குலசேகரன் சும்மா இருப்பானா? மாமன்மார் வழியில் கொங்குப் படை வந்தது. போதவில்லை. சோழன் இரண்டாம் ராஜாதிராஜனிடம் போய் நின்றான். சோழப் படை பல்லவராயன் தலைமையில் கிளம்பியது.

"யானை உண்டா?" என்றான் என் பையன்.

"யானை இல்லாம பாண்டியன் சண்டையா?"

அமெரிக்க உள்நாட்டுப் போர் அந்த நிமிஷமே முடிவுக்கு வந்தது.

இனி விதி வேண்டும். இங்கேதான் பி.காம். மூளை முழித்துக்கொண்டது. யுத்த விளையாட்டுக்கு விதி தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்ட வீட்டுக்கு மிக்ஸி வாங்குவது மாதிரிதான். விளம்பரத்தில் எல்லாம் அரைக்கும். நம் வீட்டுக்கு என்ன அரைக்க வேண்டும் என்பதே கேள்வி.

வெல்ஸ் முறைக்கு வீட்டம்மாவிடம் அனுமதி கிடைக்கவில்லை. "ஜன்னல் கண்ணாடிக்கு யார் பொறுப்பு?" ஒரே கேள்வியில் அடிபட்டுப்போனது. 'பிளாக் பவுடர்' என்று 2009-ல் வந்த ஒரு விதி. அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தளபதி என்ன உத்தரவு கொடுக்கிறார் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பகடை போடவேண்டும். பகடை சரியில்லை என்றால் படை நகராது. ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு யதார்த்தம் என்று புரியும். ஆனால் அது துப்பாக்கிக் காலத்துக்கானது. பாண்டியனிடம் துப்பாக்கி ஏது?

கடைசியில் அகப்பட்டது டி.பி.ஏ. விரித்தால் 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாட்டிஸ்'. லத்தீன். பழங்காலச் சண்டைகளைப் பற்றி என்று அர்த்தம். இதுவும் 1990-தான், இங்கிலாந்துச் சரக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் இதைக் காதில் வாங்கிய அப்பா, "டி.ஏ.பி. மூட்டை என்ன விலை சொல்றான்?" என்றார். உரம் என்று நினைத்துவிட்டார்.

டி.பி.ஏ.யின் அழகு அதன் சிக்கனம். ஆளுக்குப் பன்னிரண்டே பிரிவு. யானை ஒரு பிரிவு, குதிரை ஒரு பிரிவு, வில்லாளி, ஈட்டிக்காரன் என்று பன்னிரண்டு அட்டை. சாதாரண ஆறு முகப் பகடை ஒன்று. உன் முறை வரும்போது பகடை போடு. மூன்று விழுந்தால் மூன்று நகர்த்தல்தான். பன்னிரண்டு பேர் நின்றாலும் மூன்றுக்கு மேல் கேட்காது. சேர்ந்து நிற்கிறவர்களை ஒரே நகர்த்தலில் தள்ளலாம், பிரிந்தவனுக்குத் தனி நகர்த்தல் வேண்டும். மோதும்போது இருவரும் பகடை போட்டு அவரவர் பலத்தைக் கூட்டிப் பார்க்கவேண்டும். தோற்றவன் பின்வாங்குவான், மற்றவன் எண்ணிக்கை இரட்டிப்பானால் பெரும்பாலும் செத்தான். நாலு பிரிவை முதலில் இழந்து, எதிரியைவிட அதிகமாக இழந்திருந்தால், ஆட்டம் அவுட். மொத்தம் ஒரு மணி நேரம். மைதானம் இரண்டடிக்கு இரண்டடி.

இரண்டடிக்கு இரண்டடி என்றதும் மூவரும் பரணைப் பார்த்தோம். கேரம் போர்டு!

ஸ்ட்ரைக்கர் தொலைந்து, ஒரு பாக்கெட் வலை எலி தின்று கிடந்த போர்டைத் துடைத்து எடுத்தோம். ராஜபாளையம் மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் (பெரியப்பா மகன்) நூல் சுற்றிய பழைய அட்டைக் கோன்கள் கொடுத்தான். அதெல்லாம் மலை. புரட்டாசிக் கடையில் பிளாஸ்டிக் யானைகள் வாங்கினோம். புளியங்கொட்டை காலாட்படை, சோழி குதிரைப்படை. மதுரைக் கோட்டைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா. வைகைக்கு என் மனைவியின் நீல ரிப்பன். (அவளுக்கு இன்னும் தெரியாது.) உலகத்திலேயே மலிவான பாண்டிய சாம்ராஜ்யம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆட ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. டி.பி.ஏ.வுக்குச் சண்டை தெரியும், பங்காளிச் சண்டை தெரியாது. இரண்டு பக்கமும் சமமாக நின்று மோதுவார்கள், ஒருவன் தோற்பான், அவ்வளவுதான். ஆனால் பாண்டியர் கதையில் நடந்தது என்ன? சோழன் வந்து லங்காபுரனைத் தோற்கடித்துக் குலசேகரனைப் பட்டத்தில் வைத்தான். வைத்த கொஞ்ச நாளிலேயே அந்தக் குலசேகரன் இலங்கையோடு ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டான். கடிதமும் பரிசும் கையும் களவுமாகப் பிடிபட, சோழனுக்குக் கோபம் வந்து, யாரை விரட்டினானோ அந்த வீரபாண்டியனையே கூப்பிட்டு மதுரையில் உட்கார வைத்தான். கொஞ்ச வருஷம் கழித்து அந்த வீரபாண்டியனும் இலங்கைப் பக்கம் சாய்ந்தான். அதற்குள் சோழ நாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் வந்துவிட்டான். அவன் விக்கிரம பாண்டியன் என்று மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தான். நம் தேர்தல் கூட்டணிகளைக் குறை சொல்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரமும் படிக்கவேண்டும்.

இதற்கு என்ன விதி? என் பையன் குலசேகரன். சோழ யானை நாலும் அவன் பக்கம். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, "இப்ப சோழன் கட்சி மாறிட்டான், யானையை அண்ணன்கிட்ட கொடு" என்றால் பதினோரு வயசுப் பையன் என்ன செய்வான்? அழுதான். "நான் ஜெயிச்ச யானை, அவன்கிட்ட எப்படிப் போகும்?" குலசேகரனும் இப்படித்தான் அழுதிருப்பான்.

அப்போதுதான் இன்னொரு வகை விளையாட்டு ஞாபகம் வந்தது. 1980-களில் கிறிஸ் எங்கிள் என்கிற அமெரிக்கர் கொண்டுவந்த 'மேட்ரிக்ஸ் கேம்'. அதில் அட்டவணை அதிகம் கிடையாது. உன் முறை வந்தால் நீ வாதம் செய்யவேண்டும். 'இன்னது நடக்கிறது. ஏனென்றால் ஒன்று, இரண்டு, மூன்று' என்று காரணம். எதிராளி மறுக்கலாம். நடுவர் கேட்டுவிட்டு, காரணம் பலமாக இருந்தால் சுலபமான எண்ணும், சொத்தையாக இருந்தால் கஷ்டமான எண்ணும் சொல்வார். அப்புறம் பகடை. பிரஷ்யாக்காரர்களும் பிற்காலத்தில் இதே வழிக்கு வந்தார்கள். அட்டவணையை மூட்டை கட்டிவிட்டு, அனுபவசாலியான நடுவர் சொன்னால் சரி என்று விட்டார்கள்.

ஆகவே தீர்மானம்: போர்க்களத்தில் டி.பி.ஏ., அரசியலுக்கு வாதம்.

நடுவர் யார்? நான் உட்கார்ந்தால் பெரியவன் ஒத்துக்கொள்ளமாட்டான். அண்ணன் உட்கார்ந்தால் சின்னவன் மாட்டான். இரண்டு வீட்டுக்கும் சமமான ஒரே ஆள் எங்கள் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமா போன பிறகு கிருஷ்ணன்கோவிலிலிருந்து வந்து, பதினைந்து நாள் வடக்கு வீட்டில், பதினைந்து நாள் தெற்கு வீட்டில் சாப்பிடுகிறவள். அமாவாசை, பௌர்ணமி பார்த்துத் தட்டை மாற்றிக்கொள்வாள். வெற்றிலைச் செல்லத்தோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஆடுபுலி ஆட்டம் தெரியும். இதுல எது புலி?" என்றாள்.

"ரெண்டுமே புலிதான் அத்தை."

"அப்ப ஆடு?"

நல்ல கேள்வி. யோசித்துப் பார்த்தால் மதுரை ஜனங்கள்தான். அந்த விளையாட்டில் அவர்களுக்கு அட்டையே கிடையாது.

அத்தை தந்த முதல் தீர்ப்பு பூஜை விவகாரத்தில். காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இலங்கைப் படை ராமேஸ்வரம் கோயிலில் அட்டூழியம் செய்கிறது என்று கேள்விப்பட்டு, சம்புவராயன் என்ற சோழச் சிற்றரசன் உமாபதி தேவர் என்ற சிவாசாரியாரிடம் போய் நின்றான். அவர் இருபத்தெட்டு நாள் பூஜை செய்தார். லங்காபுரன் தோற்றான் என்று செய்தி வந்தது. சந்தோஷத்தில் ஆர்ப்பாக்கம் கிராமத்தையே அவருக்குக் கொடுத்துவிட்டான். விளையாட்டில் இதற்கு எத்தனை பாயின்ட்?

"பூஜை பண்ணினா யானை சாகுமா? செல்லாது" என்றான் பெரியவன், இலங்கைத் தரப்பு.

"சிப்பாய்க்குத் தைரியம் வருமில்ல?" என்றான் சின்னவன். பயல் தேறிவிட்டான்.

"ஒண்ணு கூட்டிக்கலாம்" என்றேன் நான்.

"இருபத்தெட்டு நாள் பூஜைக்கு ஒண்ணா!" அத்தை செல்லத்தை டப்பென்று மூடினாள். "பெருமாள் ஊர்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றேன், ஆறு குடு."

பேரம் பேசி இரண்டில் நிறுத்தினோம். ஆனால் ஒரு கிராமத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும், அதன் வருமானம் போனது போனதுதான். வரவு எழுதினால் பற்றும் எழுதவேண்டும் அல்லவா?

அடுத்த சிக்கல்தான் பெரிசு. ஜெயித்தது யார்? இலங்கையின் சூளவம்சத்தைப் படித்தால் லங்காபுரன் தொட்டதெல்லாம் வெற்றி. மதுரையைப் பிடித்தான், எதிரிகளைச் சிறைப்பிடித்து அனுராதபுரத்துத் தூபியைப் பழுதுபார்க்க அனுப்பினான், சுபம். தோல்வி என்ற பேச்சே இல்லை. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால் லங்காபுரனும் மற்றத் தளபதிகளும் செத்து, அவர்கள் தலைகள் மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து மாட்டப்பட்டன. ஒரு சண்டை, இரண்டு நோட்டு.

"யாரோ ஒருத்தர் பொய்" என்றான் பெரியவன்.

"அவசரப்படாதே. பி.காமில் பேங்க் ரிகன்ஸிலியேஷன்னு ஒரு பாடம். உன் கணக்குப் புஸ்தகத்துல ஒரு தொகை, பேங்க் பாஸ்புக்கில வேற தொகை. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. நீ எழுதின செக் இன்னும் அங்கே போய்ச் சேரலை, அவ்வளவுதான். ஒருத்தர் எந்தத் தேதியோட கணக்கை நிறுத்தினார்னு பார்க்கணும். சூளவம்சம் ஜெயிச்சவரைக்கும் எழுதிட்டு நிறுத்திருக்கு. கல்வெட்டு அதுக்கப்புறம் ஆரம்பிக்குது."

பெரியவன் என்னையே பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்ப நம்ம கிணத்து நோட்டு?" என்றான்.

அன்று ராத்திரி, தாத்தா தூங்கிய பிறகு, அந்த நோட்டு சட்டைக்குள் ஒளிந்து சுவர் தாண்டி வந்தது. குலசேகரன் கடிதமாவது பிடிபட்டது, இது பிடிபடவில்லை. அப்பா நோட்டையும் பீரோவிலிருந்து எடுத்தேன். மொட்டைமாடியில் டார்ச் வெளிச்சத்தில் ஆடிட் நடந்தது.

வெடிக்காரனுக்குக் கொடுத்த ரசீதுகள் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். அப்பா நோட்டில் 'நான் கொடுத்தது' முப்பத்தாறாயிரம். பெரியப்பா நோட்டில் 'நான் கொடுத்தது' முப்பத்தாறாயிரம். கூட்டினால் எழுபத்திரண்டு. பன்னிரண்டாயிரம் அதிகம். கிணறு பிடித்தது அறுபது, போட்டது எழுபத்திரண்டு. இரண்டு பேருமே கையெழுத்து மாறாமல், தேதி போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ வருஷமாக இரண்டு பேரும், மற்றவர் பன்னிரண்டாயிரம் பொய் எழுதினார் என்று நம்பிக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

காலையில் அத்தையிடம் கேட்டேன். "அத்தே, கிணறு வெட்டினப்ப பன்னிரண்டாயிரம்னு ஏதாவது..."

அத்தை பாக்கு சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "எனக்கென்னப்பா தெரியும், பொம்பளைக்கு" என்றாள். பாக்கு மட்டும் வழக்கத்தைவிடப் பொடியாக விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை பெரிய ஆட்டம். மலைக்குப் போகிற கூட்டம் தெருவில் ஓயவில்லை. மொட்டை போட்ட குழந்தைகளும், துளசி மாலையும், நடுவே வேடிக்கை பார்க்க நின்ற நாலைந்து பேரும். திண்ணையில் கேரம் போர்டு. வடக்கு நிலைப்படியில் பெரியப்பா, தெற்கு நிலைப்படியில் அப்பா. இருவரும் தெருவைப் பார்ப்பதாகப் பாவனை.

குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டாகிவிட்டது. பால்கோவா டப்பாவைச் சுற்றிப் புளியங்கொட்டை. கோட்டை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று வாதம். சின்னவன் விரலை மடக்கினான். "ஒண்ணு, வெளியே எங்க படை ஜாஸ்தி. ரெண்டு, இலங்கைப் படை இன்னும் கப்பல் ஏறலை. மூணு... மூணு..."

"உள்ள தண்ணி இருக்கான்னு கேளு" என்றது வடக்கு நிலைப்படி, பேரனைப் பார்த்து.

"வைகை ஓடுதுன்னு சொல்லு" என்றது தெற்கு நிலைப்படி, தன் பேரனைப் பார்த்து. இரண்டு பெரியவர்களும் தப்புத் தப்பான கட்சிக்கு உதவி செய்கிறார்கள் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

"வைகை கோட்டைக்கு வெளியேல்ல ஓடுது? சுத்தி வளைச்சவன் குடிப்பான். உள்ள இருக்கறவன் என்ன குடிப்பான்னு கேளு."

"பொற்றாமரைக் குளம் இருக்குன்னு சொல்லு."

"குளத்துத் தண்ணியை எத்தனை நாளைக்குடா குடிப்பே?"

'டா' என்பது பேரனுக்கு இல்லை. தெருவில் நின்றவர்களுக்கே தெரிந்தது. அண்ணன் பையிலிருந்து பீடி எடுத்தவன் அப்படியே நின்றான்.

அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "கிணறு இருந்து என்ன புண்ணியம்? பன்னிரண்டாயிரம் கூட எழுதி வெச்சுக்கிட்டுக் குடிக்கறவன் இருக்கானே!"

"யாருடா கூட எழுதினது? நோட்டைக் கொண்டா!"

"நீங்க கொண்டாங்க!"

போச்சு. எத்தனையோ வருஷம் கழித்துப் பேச்சு வந்தது, வந்த வழியிலேயே கிணற்றில் விழுந்தது. பெரியவன் என்னைப் பார்த்தான். நோட்டு இரண்டும் என் பைக்குள்தான் இருந்தன. எடுத்தால் கணக்கு தெரியும், அந்தப் பன்னிரண்டு யாருடையது என்று தெரியாதே.

"அந்தப் பன்னிரண்டு நான்" என்றாள் அத்தை.

வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். வாயில் போடவில்லை.

"மக கல்யாணத்துக்குப் பெரியண்ணன்கிட்ட கைமாத்து வாங்குனேன். கிணறு வெட்டும்போது காசு பத்தலைன்னு கேட்டாரு. வளையலை வெச்சுக் குடுத்தேன். அவர் காசு, அவர் கிணத்துல போட்டு எழுதிக்கிட்டாரு. வளையல் எங்கேன்னு சின்னண்ணன் கேட்டாரு. கிணத்துக்கு வேணும்னு வெச்சேன்னு சொன்னேன். கடன்னு சொல்லலை. அவரு மீட்டுக் குடுத்தாரு, கிணத்துச் செலவுல எழுதிக்கிட்டாரு. உங்க மச்சானுக்குத் தெரிஞ்சா, பொறந்த வீட்டுல கடன் வாங்கினியான்னு கேப்பாரு. அவர் இருந்தவரைக்கும் பயம். அவர் போனப்புறம் உங்க ரெண்டு பேர் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? மாசத்துல பாதி இங்க சாப்பிடறேன், பாதி அங்க சாப்பிடறேன்."

நான் மனசுக்குள் கூட்டினேன். கிணறு அறுபது, அத்தை கடன் பன்னிரண்டு. எழுபத்திரண்டு. பைசா சுத்தமாக டேலி ஆனது. கல்லூரியில்கூட எனக்கு அப்படி டேலி ஆனதில்லை.

யாரும் பேசவில்லை. தெருவில் 'கோவிந்தா' சத்தம் ஒன்று போயிற்று. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். பெரியப்பா அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து திண்ணையில், போர்டு ஓரமாக உட்கார்ந்தார். பொதுத் திண்ணை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் வந்து இந்த ஓரம் உட்கார்ந்தார்.

"கோட்டை நிக்கணும்னா எத்தனை விழணும்?" என்றார் பெரியப்பா, பொதுவாக.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலையை வாயில் போட்டாள். "உள்ள குளம் இருக்குன்னு சின்னண்ணன் சொன்னதுல நியாயம் இருக்கு. நாலும் அதுக்கு மேலயும் விழுந்தா நிக்கும்."

"உருட்டுடா, பாத்துக்கிட்டு நிக்கிறே" என்றார் பெரியப்பா பேரனிடம்.

உருட்டினான். பகடை வைகையைத் தாண்டி ஓடி, எலி கடித்த பாக்கெட் ஓரத்தில் லேசாகச் சாய்ந்து நின்றது. மூன்று.

"சாஞ்சு விழுந்திருக்கு, செல்லாது!" என்றார்கள் அப்பாவும் பெரியப்பாவும், ஒரே குரலில்.

"செல்லும்" என்றாள் அத்தை.